மூன்று தடவை சிரித்தவன்

ஜோக் சொன்னால் சிரிக்கிறவனுக்கு மண்டையில் ஒன்றும் ஆகியிருக்காது. இதை நான் பதினெட்டு வருஷம் நம்பினேன். சும்மா வீட்டில் உட்கார்ந்து நம்பவில்லை. சட்டைப் பையில் 'முதலுதவியாளர்' என்று பச்சை அட்டை குத்திக்கொண்டு நம்பினேன். கூடவே இன்னும் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ரத்தம் வந்தால் கேஸ், வராவிட்டால் கேஸ் இல்லை. பொது அறிவுக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறவனுடைய மூளை ஜம்மென்று இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஆள் மேல் பிரயோகித்துப் பார்த்த பெருமை எனக்கு உண்டு.

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. கேட்டில் இருந்த கரும்பலகையைக் கழற்றிவிட்டு டிவி மாதிரி ஒரு திரையை மாட்டிவிட்டார்களாம். பாதுகாப்பு வார மலருக்கு, "அந்த போர்டைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், நகைச்சுவையா" என்று புதிதாக வந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி கேட்டார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் போர்டைத் தாண்டிக் கை டில்லிபாபுவிடம் போய் நிற்கிறது. அதனால் அவனையும் சேர்த்தே எழுதுகிறேன். நகைச்சுவை தானாக வந்துவிடும், ஏனென்றால் கதையில் நானும் இருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் கம்பெனி அது. நான் டைம் ஆபீஸ் கிளார்க். மணவாள நகரில் காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் பெரியபாளையம் வரை தூக்கம். அதற்கு மேல் ஜோக் யோசனை. எனக்குச் சம்பளம் வருகைப் பதிவேட்டுக்கு. பெயர் வாங்கித் தந்தது போர்டு. 'போர்டு பாஸ்கர்' என்று கேட்டால்தான் தொழிற்பேட்டையில் வழி காட்டுவார்கள். வெறும் பாஸ்கர் என்றால் டயர் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆறடிக்கு நாலடி போர்டு. மேலே ஒரு கேள்வி, நடுவில் ஒரு ஜோக், அடியில் ஒரு பாதுகாப்பு வாசகம். கேள்விக்கு முதலில் சரியான பதில் சொல்கிறவருக்கு டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு கமர்கட் மிட்டாய். நாற்பது வயது வெல்டர்கள் அந்தக் கமர்கட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு ஏழு, நமக்கும் ஏழுதான் என்று எழுதிய அன்று, "இன்னாணா, காலங்காத்தால பொய் சொல்லிகினு கீற" என்று ஒரு ஃபிட்டர் சண்டைக்கே வந்துவிட்டார்.

பாதுகாப்பு வாசகம் மட்டும் மாறாது. 'தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதே.' மழையில் கரைந்தால் அதன் மேலேயே சாக்பீஸால் இன்னொரு தடவை ஓட்டுவேன். எங்கள் ஆட்கள் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். உள்ளே வரும்போது மஞ்சள் ஹெல்மெட் போட்டார்கள். வெளியே போகும்போது கேட்டில் வரிசையாகக் கழற்றி மாட்டிவிட்டு, எதிரே இருந்த மைதானத்துக்குப் போய் கார்க் பந்தில் கிரிக்கெட் ஆடினார்கள்.

முதலுதவிப் பயிற்சியைப் பற்றி ஒரு வரி போதும். இரண்டு நாள் வகுப்பு. தீக்காயமும் எலும்பு முறிவும் காலையில் வந்தன, தலைக்காயம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அன்று சாப்பாடு நன்றாக இருந்தது. நான் முழித்தபோது பாம்புக்கடி நடந்துகொண்டிருந்தது.

எங்கள் மருத்துவ அறைக்குத் தலைமை எஸ்தர் சிஸ்டர். முதலுதவி விஷயத்தில் எனக்கு மேலதிகாரி. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யார் உள்ளே வந்தாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பதிவேட்டில் மணியை எழுதுவார், பிறகுதான் வந்தவன் முகத்தைப் பார்ப்பார். கை வெந்து அலறிக்கொண்டு வந்தாலும் அந்த வரிசை மாறாது. நாங்கள் அதைக் கடிகாரப் பைத்தியம் என்று நினைத்தோம். பேனாவை மேசைக் காலோடு பேண்டேஜ் துணியால் கட்டி வைத்திருப்பார். பேனாவை இரவல் வாங்கித் திருப்பித் தராத நான்தான் அதற்குக் காரணம்.

அவரிடம் இரண்டே வார்த்தை. "சரி. அப்புறம்?" வயிற்று வலி என்று சொல்லி லீவு கேட்க வருகிறவனிடம் ஒரு தடவை கேட்பார். அவன் கதையை நீட்டுவான். இன்னொரு தடவை, "சரி. அப்புறம்?" மூன்றாவது தடவை கேட்கும்போது அவனே எழுந்து, "மச்சானுக்குப் பொண்ணு பாக்கப் போறோம் சிஸ்டர்" என்று ஒப்புக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவான்.

சிஸ்டர் இல்லாத நேரத்தில் சின்ன அடிகளைப் பார்த்து, 'வேலைக்குப் போகலாம்' என்று சீட்டு எழுதும் அதிகாரம் பச்சை அட்டைக்காரனுக்கு உண்டு. அதிகாரம் என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் விருப்ப ஓய்வு வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், துறைகளுக்கு இடையே நடந்த கிரிக்கெட் போட்டியின் இறுதி ஆட்டம். உருக்காலைக்கும் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லுக்கும். ஞாயிறு காலை. சிஸ்டர் சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம்தான் வருவார். மைதானத்து ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நான். மைக்கும் என்னிடமே. வர்ணனை, ஜோக், மருத்துவம் மூன்றுக்கும் ஒரே ஆள்.

உருக்காலை அணியின் நட்சத்திரம் டில்லிபாபு. முப்பத்திரண்டு வயது, பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்து பைக்கில் வருவான். கிரேன் ஆபரேட்டர். அது சாதாரண கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே நாற்பதடி உயரத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து, காய்ச்சிய இரும்பு தளும்பும் ராட்சத வாளியை உலையிலிருந்து அச்சு வரைக்கும் ஆட்கள் தலைக்கு மேலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. அன்று மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்ட் அவனுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

போர்டுக் கேள்வியிலும் அவன்தான் நட்சத்திரம். என் கமர்கட்டில் பாதி ஆரணிக்குத்தான் போயிருக்கும்.

ஆட்டம் முடிய இரண்டு ஓவர் இருக்கும்போது ரோலிங் மில்காரன் ஒருவன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். அதன் கீழே இரண்டு பேர் ஓடினார்கள். ஒரு பக்கம் டில்லிபாபு. இன்னொரு பக்கம் ஜெயராமன், உலைக்கு இரும்பு தள்ளுகிறவர், நடந்து வந்தாலே தரை கொஞ்சம் யோசிக்கும். இரண்டு பேருமே மேலே பார்த்துக்கொண்டு, "என்னுது! என்னுது!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். நான் மைக்கில், "யாருதுன்னு பந்துதான் சொல்லணும்" என்றேன். சிரிப்பு கிளம்பியது. அதற்குள் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அது என் மைக்கிலேயே கேட்டது.

இரண்டு பேரும் விழுந்தார்கள். டில்லிபாபு அசையாமல் கிடந்தான், ஒரு பத்து எண்ணும் நேரம். பிறகு எழுந்து உட்கார்ந்தான். பந்து அவன் கையில் இருந்தது! மைதானமே எழுந்து ஆடியது. யாரோ அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

ஜெயராமனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம்.

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மருத்துவர் விழித்துக்கொண்டார். பெட்டியோடு ஓடினேன். கால் தடுக்கி விழுந்து பஞ்சு, கத்தரி, துணி எல்லாவற்றையும் மைதானத்தில் விதைத்தேன். பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து ஜெயராமனுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தேன். நெற்றியைச் சுற்றினேன், காதை மூடினேன், தாடைக்குக் கீழே கொண்டுபோய் மேலே முடிச்சுப் போட்டேன். பெட்டியில் இருந்த மொத்தத் துணியும் தீர்ந்துபோனது.

"பாஸ்கரு, வாய் தொறக்க முடிலப்பா" என்றார் ஜெயராமன்.

"தொறக்காத. ரத்தம் போய்டும்."

"புருவத்துலதான கீது?"

"டாக்டர் நீயா நானா?"

சுற்றிலும் ஃபோனில் படம் எடுத்தார்கள். நானும் கொஞ்சம் கேமரா பக்கம் திரும்பி நின்றேன். அப்போது டில்லிபாபு தோளிலிருந்து இறங்கி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ணா, இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா! ரெண்டு பேரும் மோதிக்கினீங்க. கேட்ச் புடிச்சுட்டடா!"

"புடிச்சேனா?" என்று முகம் மலர்ந்தான்.

ரத்தம் இருக்கிறதா என்று தலையைத் தடவிப் பார்த்தேன். இல்லை. இருந்தாலும் நான் பொறுப்பான ஆள் அல்லவா, பரிசோதனை செய்தேன். அன்றைய போர்டுக் கேள்வியைக் கேட்டேன். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு" என்றான், யோசிக்காமல்.

"பாத்தீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்தேன். கூட்டமும் மெச்சியது. அந்த வாரம் இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தேன்: மரங்கொத்தி நாள் பூராவும் மரத்தில் மண்டையை இடிக்கிறதே, அதற்குத் தலை வலிக்குமா? பதில், வலிக்காது. மரங்கொத்தியை யாரும் கேட்டதில்லை. ஆனால் நான் போர்டில் எழுதியதை வைத்து ஒரு வெல்டர், "மரங்கொத்திக்கே ஒண்ணும் ஆவறதில்ல, நம்ம டில்லிக்கு இன்னா ஆவப்போது" என்று தீர்ப்புச் சொன்னார். என் மருத்துவம் என் வாயை விட்டு ஊருக்குள் போய்விட்டிருந்தது.

கடைசிப் பரிசோதனையாக அன்றைய ஜோக்கைச் சொன்னேன்.

எளாவூர் செக்போஸ்ட்டில் போலீஸ் ஒரு லாரியை நிறுத்துகிறார். "உள்ள என்னய்யா?" "ஒண்ணுமில்ல சார், காலி." "காலின்னா எதுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்க?" "காலியா வர்றது ஓனருக்குத் தெரியக்கூடாது சார்."

டில்லிபாபு விழுந்து விழுந்து சிரித்தான். காலையில் போர்டில் அதைப் படித்தவர்கள் ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை. உடனே சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: 'தலையில் அடி. ரத்தம் இல்லை. நன்றாகச் சிரிக்கிறார். வேலைக்குப் போகலாம்.' கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து பெரியது, கீழே இரண்டு கோடு வரும்.

மிச்ச ஓவர் முடிந்து உருக்காலை ஜெயித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த டில்லிபாபு, "ணா, இன்னா ஆச்சு?" என்று திரும்பக் கேட்டான். நானும் திரும்பச் சொன்னேன். "புடிச்சேனா?" என்று திரும்ப மலர்ந்தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அப்படி ஒரு கேட்சை நான் பிடித்திருந்தால் இந்நேரம் மைக்கில் எழுபது தடவை சொல்லவைத்திருப்பேன். "இன்னிக்கு ஜோக் இன்னாணா?" என்றான். அதையும் திரும்பச் சொன்னேன். அதே இடத்தில், அதே சத்தத்தில் சிரித்தான். என் மனசெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒரு ரசிகன் எங்கேயிருந்தான் இத்தனை நாள்!

மூன்றாவது தடவை கேன்டீனில். ஜெயித்ததற்காகப் பிரியாணி. அவன் சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை. டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்றான். அவன் ஒதுக்கி வைத்த முட்டையை எடுத்து நான் சாப்பிட்டேன்.

"ணா, தல வலி பேஜாரா கீது. ஒரு மாத்திர குடேன்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். "மாத்திர இல்லடா. ஒன்றரைக்கு சிஸ்டர் வந்துருவாங்க, கேட்டு வாங்கிப் போட்டுக்கினு ஷிஃப்ட்டுக்குப் போ."

"சரிணா. இன்னிக்கு ஜோக் இன்னா?"

சொன்னேன். சிரித்தான். பக்கத்தில் இருந்த மூன்று பேரிடம், "பாத்தீங்களா, நல்ல ஜோக் எத்தன தடவ சொன்னாலும் நல்ல ஜோக்" என்றேன். ஜெயராமன் கட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். வாய் திறக்காததால் புரியவில்லை. நல்ல வேளை.

நானும் ஜெயராமனும் காத்திருந்த மருத்துவ அறைக்கு ஒன்று இருபத்தைந்துக்கு சிஸ்டர் வந்தார். சர்ச்சுக்குக் கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு, கைப்பையை வைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மணி எழுதினார், ஜெயராமனைப் பார்த்தார்.

"யாரு இந்தக் கட்டு?"

"நான்தான் சிஸ்டர்" என்றேன், பெருமையாக.

கட்டைக் கழற்றினார். கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அரை இஞ்ச் காயம். துடைத்து, இரண்டு பிளாஸ்திரித் துண்டு ஒட்டினார். ஜெயராமன் தாடையை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்து, "அப்பாடா" என்றார்.

அந்த நேரத்தில் டில்லிபாபு கதவருகே வந்து நின்றான், யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு. "சிஸ்டர், ஒரு தலைவலி மாத்திர."

"இவருக்கு என்ன?" என்றார் சிஸ்டர்.

"இவன் நல்லா கீறான் சிஸ்டர்" என்று நான் முந்திக்கொண்டேன். "ஜெயராமனோட மோதிக்கினான், அவ்ளோதான். சீட்டுக் குடுத்துட்டேன்."

"சரி. அப்புறம்?"

"ரத்தம் இல்ல. ஆக்டோபஸ் கேள்விக்குக் கரெக்டா பதில் சொன்னான்."

"சரி. அப்புறம்?"

"என் ஜோக்குக்கு மூணு தடவ சிரிச்சான்."

சிஸ்டரின் பேனா நின்றது. "மூணு ஜோக்கா?"

"இல்ல சிஸ்டர். ஒரே ஜோக்."

"ஒரே ஜோக்குக்கு மூணு தடவை சிரிச்சாரா?"

"ஆமா சிஸ்டர், ஒவ்வொரு தடவையும் இப்பதான் மொதல் தடவ கேக்கற மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நான் சொன்னது என் காதில் விழுந்தது.

சிஸ்டர் எழுந்து போய் டில்லிபாபுவின் ஹெல்மெட்டைத் தானே கழற்றினார். நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணில் டார்ச் அடித்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, ரேஷன் கடைச் சாமான் பட்டியலைப் படிக்கிற குரலில் கேட்க ஆரம்பித்தார்.

"உங்க பேரு?"

"டில்லிபாபு."

"சம்சாரம் பேரு?"

"கஸ்தூரி."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. "பாத்தீங்களா சிஸ்டர்..."

"நீங்க பேசாதீங்க பாஸ்கர். இன்னிக்கு எந்த டீமோட மேட்ச்?"

"ரோலிங் மில்."

"யாரு ஜெயிச்சா?"

டில்லிபாபு சிரித்தான். "இன்னும் டாஸே போடலயே சிஸ்டர்."

ஜன்னலுக்கு வெளியே கோப்பையை வைத்துக்கொண்டு உருக்காலை ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இன்னாத்துக்கு கத்தறானுங்க?" என்று என்னைக் கேட்டான்.

"மாசத்தை டிசம்பர்ல இருந்து பின்னாடி சொல்லுங்க."

"டிசம்பர். நவம்பர்..." நிறுத்தினான். எதையோ தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான். "ணா, இன்னா ஆச்சு?"

நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

சிஸ்டர் மணியைப் பார்த்தார். ஒன்று முப்பத்தாறு. "எத்தனை மணிக்கு மோதினாங்க?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை. "பத்தரை... பதினொண்ணு... கேட்ச் புடிச்சப்போ" என்றேன். "எத்தனை நிமிஷம் மயக்கம்?" "பத்து எண்ணிக்கை." "எண்ணினீங்களா?" "மைக்ல பேசிகினு இருந்தேன்." அந்தக் கடிகாரப் பைத்தியம் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முதலில் மணியை எழுதாதவனுக்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இவர் ஏணி ஏறக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, தனியா இருக்கக் கூடாது" என்றார் சிஸ்டர். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஓடாதீங்க, நடங்க."

நான் ஓடினேன். தவறான பக்கம் ஓடினேன். ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகைக்குப் பதில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று யோசித்து, திரும்பி ஓடினேன். டிரைவரிடம், "தல, தல" என்றேன். அவர் என்னைத்தான் படுக்க வைக்கப் பார்த்தார்.

டில்லிபாபுவை ஏற்றினோம். பிளாஸ்திரி ஒட்டிய ஜெயராமன், "நான்தான் இடிச்சேன்" என்று கண் கலங்கி அவரும் ஏறிக்கொண்டார். ஒரு தைரியத்துக்காக நான் போட்டிருந்த கட்டுத் துணியையும் எடுத்து மறுபடி தலையில் சுற்றிக்கொண்டார். கொல்கத்தா ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன. எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள். ஒவ்வொன்றும் என் ஜோக்கை எனக்கே திரும்பச் சொன்னது. தூங்கவிட்டால் போய்விடுவான் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, "டில்லி, வாழைப்பழம் எந்த வகைப் பழம்? டில்லி, நீலத் திமிங்கலம்..." என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"பாஸ்கர்" என்றார் சிஸ்டர். "அவரை விடுங்க. அவருக்குத் தேவை அமைதி. ஃபோன் போட்டு அவர் சம்சாரத்துக்குச் சொல்லுங்க."

போட்டேன். "கஸ்தூரிம்மா, நான் போர்டு பாஸ்கர் பேசறேன். ஒண்ணும் பயப்படாத. டில்லிக்குத் தல நல்லா கீது. அதாவது, தல கீது."

"அண்ணா, ஜோக்கெல்லாம் அப்பறம் சொல்லுங்க. நைனா வந்துகீறாரு, சோறு போட்டுகினு கீறேன்."

"ஜோக் இல்லம்மா..."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. போன தடவ கிரேன் கல்யாணம் பண்ணிகிச்சுன்னு ஃபோன் போட்டீங்க."

போட்டது உண்மைதான். மூன்று தடவை சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் சிஸ்டர் ஃபோனை வாங்கி நாலு வார்த்தை சொன்னார். அந்தப் பக்கம் தட்டு கீழே விழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இறங்கியபோது ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். தலை பூரா கட்டோடு ஒருவர். வியர்த்து ஊற்றி முகம் வெளுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவன். சிரித்த முகத்தோடு ஒருவன். நொடியில் ஜெயராமனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். என்னை ஒரு நர்ஸ் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். "இவரு இல்ல! நானும் இல்ல!" என்று நான் கத்தினேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று அவர் பட்டையை இறுக்கினார்.

சிரித்த முகத்தோடு நின்றவன் வாசல் படியிலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு யாரும் குழம்பவில்லை.

ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நான், ஜெயராமன், சிஸ்டர். டில்லிபாபுவிடமிருந்து வாங்கி வைத்திருந்த என் சீட்டை சிஸ்டர் கைப்பையிலிருந்து எடுத்துப் படித்தார். 'நன்றாகச் சிரிக்கிறார்.' மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

கஸ்தூரி தம்பியோடு பைக்கில் வந்து சேர்ந்தாள். கதவைப் பார்த்தாள், சிஸ்டரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். "இப்படி ஆனவர ஷிஃப்ட்டுக்குப் போன்னு எழுதிக் குடுத்தது யாருண்ணா?"

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஜெயராமன் கூரையைப் பார்த்தார். எனக்குக் கைவசம் ஒன்றல்ல, நாலு ஜோக் இருந்தது. எப்போதும் அப்படி ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடுவேன்.

"நான்தான்மா" என்றேன்.

அவள் வந்து எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஸ்கேன் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

டாக்டர் வந்து சொன்னார்: உள்ளே ரத்தக் கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது. இரண்டு நாள் இங்கேயே பார்ப்போம். பிறகு ஓய்வு. ஃபோன் பார்க்கக் கூடாது, வெயில் கூடாது, தலைவலி முழுதாகப் போகிற வரை வேலையும் ஆட்டமும் கூடாது. இந்த நிலைமையில் இன்னொரு அடி பட்டால் அது முதல் அடி மாதிரி இருக்காது. "உயரத்துல வேலையாமே? நல்ல வேளை ஏறல" என்றார்.

நான் வெளியே போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஜெயராமன் தேடிக்கொண்டு வந்து, தன் தலைக்கட்டின் நுனியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார், துடைத்துக்கொள்ள. எனக்குத் தெரிந்து அந்தக் கட்டு செய்த ஒரே உபயோகமான வேலை அது.

அடுத்த நாள் போர்டில் கேள்வியும் ஜோக்கும் எழுதவில்லை. பாதுகாப்பு வாசகத்தை முதல் தடவையாக முழுசாக அழித்தேன். சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். தலையில் அடிபட்டவனை உடனே ஆட்டத்திலிருந்து வெளியே கூப்பிடு. மணியைக் குறி. தனியாக விடாதே. சொன்னதையே திரும்பக் கேட்டால், வாந்தி எடுத்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், ஆஸ்பத்திரி. ரத்தம் வராதவனை முதலில் பார். ஆறடி போர்டு பத்தவில்லை. ஒரு ஃபிட்டர் படித்துவிட்டு, "இன்னாணா, ஜோக் இல்லையா?" என்றார். "நேத்தே மூணு தடவ சொல்லிட்டேன்" என்றேன்.

டில்லிபாபு இருபத்தேழாவது நாள் டாக்டர் கடிதத்தோடு வந்தான். முந்தின வாரம் வரை குக்கர் விசில் சத்தம் கூடத் தாங்கவில்லையாம். கஸ்தூரி சோற்றைப் பானையில் வடித்தாளாம். சிஸ்டர் மணி எழுதினார். டார்ச் அடித்தார். மாதங்களைப் பின்னாலிருந்து கேட்டார். ஜனவரி வரை தடங்கலில்லாமல் வந்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றான்.

"சிஸ்டர், என் பரிசோதனை ஒண்ணு பாக்கி" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "சரி" என்றார். அப்புறம் என்று கேட்கவில்லை.

செக்போஸ்ட், லாரி, தார்ப்பாய், ஓனர். முழுசாகச் சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.

டில்லிபாபு சிரிக்கவில்லை. "இதுக்கா ணா நான் மூணு தடவ சிரிச்சேன்? மொக்கையா கீது."

சிஸ்டர் பேனாவை எடுத்து, 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து சின்னது, கீழே கோடு வராது. அவன் இரண்டு மணிக்கு ஏணி ஏறினான். அந்தக் கேட்ச் மட்டும் இன்று வரை அவனுக்கு ஞாபகத்தில் இல்லை.

இத்தனை எழுதியும் ஒன்றை எழுதாமல் விட்டால் மலரில் இது பொய்க் கட்டுரையாகிவிடும். அன்று அவனைக் கிரேன் ஏறாமல் தடுத்தது என் பரிசோதனை இல்லை. யாருடைய எச்சரிக்கையும் இல்லை. கேன்டீனில் அவன் மாத்திரை கேட்டபோது நான் கொடுத்திருந்தால், போட்டுக்கொண்டு என் சீட்டோடு நேராக ஏணிக்குப் போயிருப்பான். பெட்டியில் தலைவலி மாத்திரை இருந்திருக்க வேண்டும். பட்டியலில் அது இருக்கிறது. இல்லாததால்தான் சிஸ்டரிடம் வந்தான். முந்தின வாரம் தினமும் பஸ் பயணத்தில் எனக்குத் தலை வலித்தபோது, அந்த மாத்திரைப் பட்டையில் இருந்த பத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்த்தது நான்.

திரும்ப வாங்கி வைக்க மறந்துபோயிருந்தேன்.